கரண்ட் திரும்பி வராத ஊருக்கு எந்தக் கணினி?

புயல் அடித்து மூன்று வாரம் மின்சாரம் இல்லாமல் கிடப்பது ஒரு வகை. அதற்கு இன்வெர்ட்டர், பவர் பேங்க், பக்கத்துத் தெரு ஜெனரேட்டர் என்று நமக்குப் பழகிய வழிகள் இருக்கின்றன. நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறு கேள்வி. மின்சாரமும் இணையமும் தொழிற்சாலைகளும் ஒரு தலைமுறைக்குத் திரும்பாது என்று வைத்துக்கொள்வோம். இன்று கைக்கு எட்டும் கணினிகளில் எதை எடுத்து வைத்தால் அன்றைக்குப் பிரயோஜனப்படும்? எது அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்?

வெட்டிக் கற்பனை என்று இதைத் தள்ளுகிறவர்கள் யாழ்ப்பாணத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990-ல் போர் மறுபடி மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் எரிபொருள் மட்டுமல்ல, டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரிகூட இருந்தது. ஆட்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கிடைத்த மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் சில சொட்டுப் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. செய்தித்தாள், கோடு போட்ட பள்ளிக் கொப்பித் தாளில் அச்சாகி வந்தது.

அங்கே சமூகம் குலைந்துபோகவில்லை. பள்ளிக்கூடம் நடந்தது, ஆஸ்பத்திரி நடந்தது. ஆனால் ஒரு கருவியை எடுத்து வைக்கும் முன் என்ன கேட்க வேண்டும் என்பதை அந்த ஆண்டுகள் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. எவ்வளவு மின்சாரம் தின்னும்? கிடைத்ததை வைத்து ஓட்ட முடியுமா? கெட்டால் உள்ளூரில் யார் பார்ப்பார்? சாதாரண சைக்கிள் டைனமோ 6 வோல்ட்டில் 3 வாட் கொடுக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த 3 வாட்டைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்ளப் போகிறேன்.

முதலில் வேலையைப் பிரித்துக்கொள்வோம். அப்படிப்பட்ட காலத்தில் கணினிக்கு நான்கு வேலைகள் இருக்கும் என்பது என் எண்ணம். நூலகமாக இருப்பது ஒன்று. மருந்து அளவு, கிணறு வெட்டும் முறை, விதை பாதுகாப்பு, பிரசவம் பார்ப்பது என்று தேவைப்படும்போது எடுத்துப் படிக்க. கணக்குப் போடுவது இன்னொன்று. மூன்றாவது, பம்பு, சோலார், பேட்டரி போன்ற இயந்திரங்களைக் கட்டுப்படுத்துவது. நான்காவது, அடுத்த தலைமுறைக்கு இந்தத் துறையையே சொல்லிக்கொடுப்பது. இந்த நாலையும் ஒரே கருவி செய்யும் என்று நினைப்பதுதான் பெரும்பாலான திட்டங்கள் தடுமாறும் இடம்.

புதிதாக வராது

எந்தக் கருவியை எடுத்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. அது கையிருப்பு. தீர்ந்தால் தீர்ந்ததுதான். இன்றைய உயர்ரகச் சிப்புகளை அச்சிடும் இ.யூ.வி. இயந்திரத்தை உலகத்தில் நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். ஒன்றுதான் செய்கிறது. அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாகங்கள். சிலிக்கானை உருக்கும் மூசைக்கு வேண்டிய மிகத் தூய குவார்ட்ஸில் பெரும்பகுதி அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்ப்ரூஸ் பைன் என்ற சின்ன ஊரிலிருந்து வருகிறது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்த ஊரைத் தாக்கியபோது உலகச் சிப் தொழிலே ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

வீட்டில் செய்ய முடியாதா என்றால், முயன்றவர் உண்டு. சாம் ஸெலூஃப் என்ற அமெரிக்க இளைஞர் 2018-ல் தன் வீட்டு கராஜில் ஒரு சிப்பைச் செய்து காட்டினார். அதில் 6 டிரான்சிஸ்டர்கள். 2021-ல் அவர் செய்த அடுத்த சிப்பில் 100. அசாத்தியமான சாதனைதான். ஆனால் அவருக்கும் சிலிக்கான் தட்டு கடையிலிருந்து வந்தது, கருவிகள் தொழிற்சாலைகள் கழித்துப்போட்டதிலிருந்து வந்தன. அந்தக் கடையும் தொழிற்சாலையும் இல்லாத உலகத்தைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். ஆகவே பத்து, இருபது, முப்பது ஆண்டு எது தாங்கும் என்பதுதான் ஒப்பீடு.

பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. கணினியில் சிப் சாவது அபூர்வம். அதைச் சுற்றி இருப்பவைதான் முதலில் சாகும். சர்வீஸ் மேசையில் பழைய மதர்போர்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பிராசசருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்ன உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். கெட்டுப்போனவற்றில் அது புடைத்து நிற்கும். சிலவற்றில் உச்சியில் கீறியிருக்கும் கோடு பிளந்து பழுப்பு நிறத்தில் கசிவு உறைந்திருக்கும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் அது. உள்ளே இருக்கும் திரவம் மெல்ல உலர்ந்துகொண்டே போகும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நம் ஊர் மே மாத வெயிலில், ஓடு வேய்ந்த அறையில் வைத்த கருவிக்கு இது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று ஃபிளாஷ் மெமரி. எஸ்.எஸ்.டி., பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றிலும் தகவல் என்பது சிறைப்பட்ட மின்னூட்டம். மின்சாரம் கொடுக்காமல் வைத்தால் அது கசியும். எழுதி எழுதித் தேய்ந்துபோன சாதாரண எஸ்.எஸ்.டி. ஒன்று 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைக் காத்தால் போதும் என்பதுதான் மின்னணுக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு சொன்னது. புதிய கார்டில் ஒருமுறை எழுதி வைத்தது இதைவிட எவ்வளவோ நாள் தாங்கும். அதற்காகப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு இருபது வருடம் கழித்துத் திறப்போம் என்று நம்பக் கூடாது. லித்தியம் பேட்டரியோ பயன்படுத்தினாலும் கிழடாகும், சும்மா வைத்தாலும் கிழடாகும்.

லேப்டாப், போன், ராஸ்பெரி பை

லேப்டாப்பை நான் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அது 15 முதல் 60 வாட் வரை கேட்கும். ஐந்து பேர் ஐந்து சைக்கிளைச் சுற்றினால் ஒரு லேப்டாப் முக்கி முக்கி ஓடும். ஃபேன் தூசி பிடிக்கும், திரையின் கீல் உடையும், கீபோர்டின் ரப்பர் இறுகும். ஆனால் நிரல் எழுதவும், மற்றக் கருவிகளில் நிரலை ஏற்றவும், அச்செடுக்கவும் இதைவிட வசதியானது இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டக்கூடிய, ஸ்குரூ டிரைவரால் முழுசாகத் திறக்கக்கூடிய பழைய அலுவலக மாடல் ஒன்று இருந்தால் நல்லது. முதல் ஐந்தாறு வருடத்துக்கான கருவி அது.

போன் விஷயத்தில் பலர் ஏளனமாகப் பேசுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனில் திரை, பேட்டரி, கேமரா, மெமரி, ஒலிபெருக்கி எல்லாம் ஒரே கட்டில் இருக்கின்றன. வெளிச்சத்தைக் குறைத்துப் புத்தகம் படித்தால் ஒரு வாட் அளவில்தான் எடுக்கும். அதாவது டைனமோ அளவுகோலுக்குள் வருகிற ஒரே முழுக் கணினி இதுதான். 10 வாட் சோலார் தகடு ஒன்று நம் வெயிலில் நாளுக்கு இரண்டு போனைத் தாராளமாக நிரப்பும். சோலார் தகடும் கையிருப்புதான். ஆனால் 25 ஆண்டு கழித்தும் ஐந்தில் நாலு பங்கு மின்சாரம் தரும் என்று உத்தரவாதம் போட்டு விற்கிறார்கள். கருவிகளில் அதுதான் கடைசியாகச் சாகும்.

கிவிக்ஸ் என்ற செயலி 2007-லிருந்து இருக்கிறது. இணையம் இல்லாமல் விக்கிப்பீடியாவைப் படிக்க அதை உருவாக்கினார்கள். ஆங்கில விக்கிப்பீடியா முழுவதும் படங்களோடு 100 ஜிபி சுமாருக்கு வரும். தமிழ் விக்கிப்பீடியாவின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் சாதாரண மெமரி கார்டில் அடங்கி இடம் மிஞ்சும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைக்கும் நூலகம் தளத்தின் ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் இடமிருக்கும்.

போனுக்கு இரண்டு பெரிய நோய்கள் உண்டு. ஒன்று, பேட்டரி ஊதிப்போவது. பல போன்கள் பேட்டரி இல்லாமல் உயிர் பெறாது. பேட்டரி முனைகளில் வெளியிலிருந்து 4 வோல்ட் அளவில் கொடுத்து ஓட்டலாம், அதற்கு ஒரு சின்ன சர்க்யூட்டும் பொறுமையும் வேண்டும். கழற்றி மாட்டும் பேட்டரி உள்ள பழைய மாடலாக இருந்தால் வேலை சுலபம். இரண்டாவது நோய் கண்ணுக்குத் தெரியாது. ரீசெட் செய்தால் பழைய கணக்கில் உள்ளே வரச்சொல்லி இணையத்தைத் தேடும். சில செயலிகள் அனுமதி கேட்டு நிற்கும். காசு கொடுத்து வாங்கிய மின்னூல்கூட ஒரு நாள் திறக்க மறுக்கும். ஆகவே கணக்கு எதுவும் இணைக்காத போனில், பூட்டு இல்லாத கோப்புகளாகத்தான் வைக்க வேண்டும். இதை இன்றைக்கே ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம். எது எது கைவிடுகிறது என்று அப்போது தெரிந்துவிடும். வரைபடச் செயலியை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தரைநிலையங்களிலிருந்து திருத்தம் போகாவிட்டால் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் துல்லியமும் நாளடைவில் கெடும்.

ராஸ்பெரி பை என்ற, உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணினி பற்றி ஆர்வலர்கள் நிறையப் பேசுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. திரையும் கீபோர்டும் தனியாக வேண்டும், இயங்குதளம் பெரும்பாலும் மெமரி கார்டில் இருக்கிறது, திடீரென்று மின்சாரம் போனால் அந்தக் கார்டு கெட்டுப்போவது வாடிக்கை. பள்ளிக்கூடத்தில் நடுவில் ஒன்றை வைத்து வைஃபையில் பத்து போன்களுக்கு நூலகத்தைக் கொடுப்பதென்றால் சரி, அந்த வேலைக்கு அது நன்றாகப் பொருந்தும். தனி வீட்டுக்கு வேண்டாம்.

இசட் 80-ம், நம் ஊர் 8085 கிட்டும்

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த தரப்பு. அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

கனடாவைச் சேர்ந்த விர்ஜில் டுப்ரா என்ற நிரலாளர் 2019-ல் கொலாப்ஸ் ஓஎஸ் என்ற இயங்குதளத்தை வெளியிட்டார். சமூகக் குலைவுக்குப் பிறகு குப்பையிலிருந்து பொறுக்கிய உதிரிகளைக் கொண்டு கட்டிய கணினியில் ஓட வேண்டும் என்பதுதான் அதன் குறிக்கோள். அவர் முதலில் தேர்ந்தெடுத்த சிப் இசட் 80, ஒரு தடவைக்கு எட்டு பிட் தகவலைக் கையாளும் எட்டு பிட் பிராசசர். ஃபெடரிக்கோ ஃபாஜின் தொடங்கிய ஸைலாக் நிறுவனம் 1976-ல் கொண்டுவந்தது. உள்ளே 8,500 டிரான்சிஸ்டர்கள், 64 கேபி நினைவகத்தைக் கையாளும், வெளியே 40 கால்கள். அந்தக் கால்கள்தான் முக்கியம். கையில் பிடித்துச் சாதாரண சோல்டரிங் அயர்னால் பற்றவைக்கலாம். இன்றைய போன் சிப்பின் அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான புள்ளிகளை அப்படித் தொடக்கூட முடியாது. இசட் 80-ன் சீமாஸ் வகையில் இன்னொரு நல்ல குணம் உண்டு. கடிகாரத் துடிப்பை நிறுத்திவிட்டு, ஒரு பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு அடியாக நகர்த்தலாம். எந்தக் காலில் மின்சாரம் வந்தது, எதில் வரவில்லை என்று எல்.இ.டி. வைத்துக் கண்ணால் பார்க்கலாம்.

கொலாப்ஸ் ஓஎஸ் பின்னர் ஃபோர்த் என்ற நிரல்மொழிக்கு மாறியது. சில கேபி இடத்தில் முழு மொழியும் அடங்கிவிடும். உரையைத் திருத்தும், ஆணைகளைச் சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றும் அசெம்ப்ளர் இருக்கிறது, சேமிப்பகத்தில் எழுதும் படிக்கும், தன்னையே இன்னொரு கணினிக்குப் பிரதி எடுக்கும். ஒரே ஆள் உட்கார்ந்து, மூலநிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் புரிந்துகொள்ள முடியும். இன்று உலகில் ஓடுகிற எந்த லேப்டாப்பைப் பற்றியும், அதைச் செய்தவர்கள் உட்பட, யாரும் அப்படிச் சொல்ல முடியாது. எட்டு பிட் கணினியின் உண்மையான பலம் அதன் நீண்ட ஆயுளைவிட இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஆயுளுக்கும் சாட்சி இருக்கிறது. 1977-ல் ஏவிய வாயேஜர் விண்கலங்கள் சில பத்து கேபி நினைவகத்தோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. 2023 நவம்பரில் வாயேஜர் 1-ன் நினைவகச் சிப் ஒன்று கெட்டு, வருவதெல்லாம் பொருளில்லாத தகவலாக இருந்தது. 2024 ஏப்ரலுக்குள் பொறியாளர்கள் நிரலைத் துண்டு துண்டாக வேறு இடத்துக்கு நகர்த்தி அதை மீட்டுவிட்டார்கள். நிரல் மனித அறிவுக்குள் அடங்குகிற அளவில் இருந்ததால்தான் அது முடிந்தது.

சரி, நம் ஊரில் இசட் 80 எங்கே கிடைக்கும்? அமெரிக்கப் பள்ளிகளில் புழங்கும் டி.ஐ-84 பிளஸ் கால்குலேட்டருக்குள் அது இருக்கிறது. நம் கடைகளில் அதைப் பார்ப்பது அரிது. தனிச் சிப்பாக விற்பதை ஸைலாக் 2024-ல் நிறுத்திவிட்டது. ஆனால் நமக்கு 8085 என்ற அதன் உறவுக்காரச் சிப் இருக்கிறது. தமிழ்நாட்டில் பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ எலக்ட்ரானிக்ஸ் படித்த யாருக்கும் அதை வைத்துச் செய்த பயிற்சிப் பலகையான 8085 கிட் மறக்காது. 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் உள்ள பதினாறடிமான விசைப்பலகை, சிவப்பாக எரியும் ஏழு துண்டு எழுத்துகள், ஈப்ராம் என்ற நினைவகச் சிப்பில் கிட்டை இயக்கும் ஒரு மானிட்டர் நிரல். விலாசத்தை அடித்து, 3இ, 06 என்று ஒவ்வொரு பைட்டாக ஏற்றி இரண்டு எண்களைக் கூட்டிக் காட்டினால் மதிப்பெண். 8085-ம் இசட் 80-ம் இன்டெலின் 8080 என்ற ஒரே மூலச் சிப்பிலிருந்து வந்தவை. இசட் 80-ல் ஆணைகள் கூடுதல் என்பதால் அதற்கென்று எழுதிய நிரல் 8085-ல் அப்படியே ஓடாது. ஆனால் 8080-க்கு எழுதியது பெரும்பாலும் இரண்டிலும் ஓடும். 8080-க்கான ஃபோர்த் 1970-களின் முடிவிலேயே வந்துவிட்டது. 8085 ஒற்றை 5 வோல்ட்டில் ஓடும். இரண்டு டைனமோவோ கார் பேட்டரியோ போதும்.

பாடத்திட்டம் மாறியதால் இந்தக் கிட்டுகள் ஆய்வகங்களிலிருந்து மெல்ல வெளியேறுகின்றன. கழிவுச் சாமானோடு எடைக்குப் போவதைக் கேள்விப்படும்போது எனக்கு மனசு பதைக்கிறது. ஒரு கிட்டும் அதன் அச்சிட்ட கையேடும் சேர்ந்து இருந்தால், கணினி என்றால் என்ன என்பதை ஒரு பிள்ளைக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்த வேலைக்கு நிகராக விற்பனையில் வேறு எதுவும் இல்லை.

இவ்வளவு புகழ்ந்தாலும் எட்டு பிட் கணினியை நூலகமாக நினைத்தால் ஏமாற்றம்தான். ஒரு பி.டி.எஃப். கோப்பைக்கூட அதில் திறக்க முடியாது. அது தனியாக ஒரு குடும்பத்துக்கு எந்த உதவியும் செய்யாது. அதன் பயன் இன்னொரு வகைச் சிப்போடு சேர்ந்துதான் தெரியும்.

மைக்ரோகன்ட்ரோலர்

பிராசசரும் நினைவகமும் ஒரே சிப்பில் அடங்கிய, இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினிதான் மைக்ரோகன்ட்ரோலர். ஆர்டுயினோ ஊனோ என்ற பயிற்சிப் பலகையில் உட்கார்ந்திருக்கும் ஏடிமெகா 328பி சிப்பில் 32 கேபி நிரல் இடம், 2 கேபி வேலை நினைவகம். அவ்வளவுதான். ஆனால் அதன் தரவுத்தாளில் இருக்கும் ஒரு வரி என்னைக் கவர்ந்தது. ஏற்றிய நிரல் 85 டிகிரியில் 20 ஆண்டும், 25 டிகிரியில் 100 ஆண்டும் அழியாமல் இருக்கும். மெமரி கார்டோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். ஒரு பிட்டுக்கு ஒதுக்கிய இடம் பெரிது, அதனால் கசிவைத் தாங்கும். தூக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட மின்சாரமே கேட்காது.

இதை எங்கே போடுவது? கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியில் 37.5 டிகிரியை 21 நாள் பிடித்து வைப்பதற்கு என்று பலர் சொல்வார்கள். அதற்கு இரட்டை உலோகப் பட்டை வைத்த பழைய தெர்மோஸ்டாட்டே போதும். கணினி தேவையில்லாத இடத்தில் கணினியைச் செலவழிக்கக் கூடாது. எனக்குத் தெரிந்து முதல் இடம் சோலாருக்கும் பேட்டரிக்கும் நடுவில். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை 14.4 வோல்ட்டுக்கு மேல் விடாமலும், அடிமட்டத்துக்கு இறங்க விடாமலும் காத்தால் அதன் ஆயுள் நன்றாகக் கூடும். பேட்டரி போனால் மற்ற எல்லாம் போகும். லெட் ஆசிட்டை நான் லித்தியத்துக்கு மேலாகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஈயத் தட்டை உருக்கி வார்க்கும் கைகள் நம் சிறுநகரங்களில் இன்னும் இருக்கின்றன.

கொலாப்ஸ் ஓஎஸ் இங்கேதான் வந்து பொருந்துகிறது. இருபது வருடத்தில் லேப்டாப்புகள் போய்விட்ட பிறகு, அலமாரியில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர்களில் யார் நிரல் ஏற்றுவது? அந்த வேலையை எட்டு பிட் கணினி செய்யும் என்பதுதான் டுப்ராவின் கணக்கு. ஊருக்கு ஒருவர் அந்த வித்தையைக் கற்றிருந்தால் போதும். கற்றவர் இல்லாவிட்டால் பெட்டி நிறையச் சிப் இருந்தும் பலனில்லை.

கால்குலேட்டரும் சோழியும்

கணக்கு என்ற ஒரே வேலைக்கு வந்தால் போட்டியே கிடையாது. பரீட்சைக்கு வாங்கிய, சோலார் துண்டு பதித்த சயின்டிஃபிக் கால்குலேட்டர் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். அறை வெளிச்சமே அதற்குச் சாப்பாடு. வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றிவிட்டும் வெறும் வெளிச்சத்தில் ஓடுகிறதா? பல மாடல்கள் ஓடாது. ஓடுகிற வகையாக நாலைந்து வாங்கி வைத்தாலும் ஒரு போன் விலை வராது. அதோடு ஒரு லாகரிதம் அட்டவணைப் புத்தகம். அச்சுத் தாளில் இருப்பதால் எந்தக் கருவியும் அதைப் படிக்கத் தேவையில்லை.

கருவியே இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம்மிடமே ஒரு சான்று இருக்கிறது. சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் இருந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கரைப் பற்றி 1825-ல் பதிவு செய்திருக்கிறார். அந்த மனிதர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளிலிருந்து எண்களை எடுத்து, அந்த வருடம் மே 31 இரவு தொடங்கிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. எழுதுகோல் இல்லை, தாள் இல்லை. எண்கள் அவருக்குச் சொற்களாகப் பாடமாகி இருந்தன. வாக்கிய மரபில் சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்றாக. எழுத்தை எண்ணாக மாற்றும் கடபயாதி முறையில் கோத்தவை. கணித்தவருக்கு வானியல் கோட்பாடு தெரியாது என்றும் வாரன் எழுதுகிறார். கோட்பாடு கைவிட்டுப் போன பிறகும் முறை தலைமுறை தாண்டி வேலை செய்திருக்கிறது.

இதைப் பார்த்த பிறகு என் ஒப்பீட்டின் கோணமே மாறியது. எந்தக் கணினி நீண்ட நாள் உயிரோடு இருக்கும் என்பதைவிட, அது உயிரோடு இருக்கும் பத்துப் பதினைந்து வருடத்தில் அதிலிருந்து எவ்வளவு தாளுக்கும் மனிதர் தலைக்கும் இறங்கும் என்பதுதான் பெரிய கேள்வி. பிரிட்டனில் பி.பி.சி. 1986-ல் நாட்டின் நிலவரத்தையெல்லாம் திரட்டி லேசர் வட்டில் பதிந்தது. இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்து 1086-ல் எழுதிய டூம்ஸ்டே பதிவேட்டின் 900-வது ஆண்டுக்காக. 2002 வாக்கில் அந்த வட்டைப் படிக்கும் இயந்திரம் கிடைப்பதே அரிதாகிவிட்டது, தனியாக ஒரு குழு உழைத்துத்தான் மீட்டார்கள். 1086-ன் தோல் ஏட்டை இன்றும் திறந்து படிக்கலாம். நம் ஓலைச்சுவடி தோலைவிடக் குறுகிய ஆயுள் கொண்டது. ஆனாலும் சங்கப் பாடல் நம் கைக்கு வந்தது, யாரோ ஒருவர் தலைமுறைக்கொரு தடவை உட்கார்ந்து பெயர்த்தெழுதியதால்.

அப்படியானால் எதை எடுப்பது?

ஒரு தெருவோ சின்ன ஊரோ சேர்ந்து யோசிக்கிறது என்று வைத்துக்கொண்டால் என் தேர்வு இது. ஒரே மாடலில் மூன்று பழைய போன். ஒன்று கெட்டால் மற்றதற்கு உதிரி. மூன்றிலும் ஒரே நூலகம், ஆறு மாதத்துக்கொருமுறை சார்ஜ் ஏற்றித் திறந்து பார்த்து, இரண்டு மூன்று வருடத்தில் கார்டை மறுபடி எழுதுவது. ஒரு 10 வாட் சோலார் தகடு. வெளிச்சத்தில் ஓடும் கால்குலேட்டர் நாலு. கால் வைத்த மைக்ரோகன்ட்ரோலர் ஒரு டஜன், அவற்றுக்கான கையேடு அச்சில். திறந்து பழுது பார்க்கக்கூடிய லேப்டாப் ஒன்று. பக்கத்தில் கல்லூரி இருந்தால் அங்கே கழிக்கப்போகும் 8085 கிட்டைக் கேட்டு வாங்குவது. எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு, வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில்.

காசும் மனசும் ஒன்றுக்குத்தான் என்றால் போன். தயக்கமே இல்லை. இசட் 80-ஐ இவ்வளவு நேசிக்கிறவன் இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம். ஆனால் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் எந்த அளவில் கலப்பது என்று முதல் மாதத்தில் தேடுகிற தாய்க்கு ஃபோர்த் உதவாது.

ஒரு குறை மட்டும் என்னை விடாமல் உறுத்துகிறது. கார்டில் ஏற்றத் தமிழில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இலக்கியம் நிறைய, வரலாறு நிறைய. பேட்டரித் தட்டு வார்ப்பது, சோப்பு காய்ச்சுவது, பல் பிடுங்குவது, கிணற்று நீரைச் சுத்தம் செய்வது என்று கைவேலையைப் படத்தோடு, அளவோடு சொல்லும் தமிழ்க் கையேடுகள் சிதறித்தான் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் அப்படிப்பட்டவை குவிந்திருக்கின்றன. மொழிபெயர்க்க ஆட்கள் இருக்கும்போதே, மின்சாரம் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

எட்டு பிட் கணினியில் தமிழ் எழுத்து வருமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. கொலாப்ஸ் ஓஎஸ் ஆங்கில எழுத்துகளைத்தான் அறியும். யூனிகோடில் கொம்பை இடப்பக்கம் நகர்த்துவது போன்ற வேலைகளுக்குத் தனி நிரல் வேண்டும், சின்னக் கணினிக்கு அது பாரம். ஆனால் 1990-களில் தமிழர்கள் உருவாக்கிய டிஸ்கி குறியீட்டில் 256 இடத்துக்குள் ஆங்கிலமும் தமிழ் வடிவங்களும் சேர்ந்தே இருக்கின்றன. திரையில் வரும் வரிசைப்படியே எழுத்து வடிவங்கள் சேமிக்கப்படுகின்றன. மேல்பாதி 128 இடத்துக்கும் 16-க்கு 16 புள்ளியில் எழுத்து வரைந்தால் மொத்தம் 4 கேபி. 64 கேபி கணினிக்கு அது தாங்கக்கூடிய செலவு. யூனிகோடு வந்ததும் நாம் ஓரமாக வைத்த டிஸ்கிக்கு இங்கே ஒரு இடம் இருக்கிறது. ஃபோர்த் தெரிந்த தமிழர் ஒருவர் சில வார இறுதிகள் ஒதுக்கினால் இசட் 80-ல் தமிழ் ஓடும். யாராவது தொடங்குவதானால் புள்ளி எழுத்துகளை வரைந்து தர நான் தயார்.